ஓர் ஊருணிக்குள் எவ்வளவு கனவு கொள்ளும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உசிலம்பட்டி வட்டத்தைச் சேர்ந்த எனக்கு வயது 62. அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சமூகம் முழுவதையும் மாற்றிவிடலாம் என்று இளமையில் உறுதியாக நம்பியவர்களில் நானும் ஒருவன். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, பகலில் பள்ளி, இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்த பெண்களுக்கு எழுத்து வகுப்பு என்று ஓடினேன். எழுத்து வந்துவிட்டால் மற்றவை தாமாக வரும் என்று நினைத்தோம், அப்படி நடக்கவில்லை. இப்போது சொந்த ஊருக்குத் திரும்பி, மண்மூடிக் கிடக்கும் ஊருணியைச் சீர்செய்யவும், அதன் கரையில் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம் தொடங்கவும் எண்ணியிருக்கிறேன். "உலகத்தை மாற்றப் புறப்பட்டவர் கடைசியில் குட்டை தூர்வார வந்துவிட்டீரே" என்று பழைய தோழர் ஒருவர் சொன்னார். "ஓய்வூதியம் வருகிறது, பேரப்பிள்ளைகளோடு இருங்கள் அப்பா" என்கிறான் மகன். பெரிய கனவைக் கைவிட்டுவிட்டுச் சிறிய வேலையில் ஆறுதல் தேடுகிறேனா? ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி வட்டம்

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தோழரின் சொல் உங்களைத் தைத்திருக்கிறது. அவர் வேலையின் அளவை மட்டும் பார்த்துப் பேசியிருக்கிறார். எனக்கோ, ஒரு வேலைக்குள் எந்தக் கேள்வி இருக்கிறது என்பதே முதன்மையாகப் படுகிறது. இளமையில் நீங்கள் கேட்ட கேள்விகள், ஊரில் எது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது, அதை முடிவு செய்பவர் யார் என்பவைதானே? அவற்றை ஓர் ஊருணிக் கரையில் நின்று முழுமையாகக் கேட்க முடியும். கேட்காமலே கரைக்கு வெள்ளையடித்து, நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போகவும் முடியும். இரண்டாவது வழியில் போனால் உங்கள் தோழர் சொன்னது மெய்யாகிவிடும்.

மதுரைக்காரர்கள் எல்லோரும் அறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், தம் 58-ஆம் வயதில் இங்கே ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்க விடாமுயற்சியோடு பழகித் தேர்ந்தவர். இன்று அந்த நிறுவனம் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று வியப்பவர்கள் பலர். என் வியப்பு அந்த முதல் 11 படுக்கைகளிலேயே நின்றுவிடுகிறது. அவற்றில் 6, பணம் கொடுக்க இயலாதவர்களுக்கு. 5, கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்கு. முதலில் மருத்துவமனை காலூன்றட்டும், பிறகு ஏழைகளைப் பார்ப்போம் என்று அவர் தள்ளிப்போடவில்லை. காசில்லை என்பதற்காக ஒருவர் பார்வை இழக்கக் கூடாது என்ற கொள்கை முதல் நாளே அந்த வீட்டுக்குள் முழுதாக இருந்தது. மருத்துவமனை வளராமல் 11 படுக்கைகளோடு நின்றிருந்தாலும் அந்தக் கொள்கைக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

அன்றைய மதுரை மாவட்டத்து அய்யன்கோட்டையில் 1926-ல் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனையும் நினைத்துப் பாருங்கள். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின்னர் கணவரோடு கீழத்தஞ்சைக்குச் சென்று உழைத்த அவர், 'லாஃப்டி' என்ற அமைப்பை இருவருமாகத் தொடங்கிய 1981-ல் 55 வயதை எட்டியிருந்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு, நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், அதுவும் பெண்ணின் பெயரில் பட்டா. நிலம் யாருக்கு என்னும் மாபெரும் கேள்வியை ஏக்கர் ஏக்கராகக் கேட்டார்கள். கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது 82. உங்கள் மகன் அன்பினால்தான் ஓய்வெடுக்கச் சொல்கிறார். அவரிடம் கோபப்படாமல் இந்த இருவரின் கதையையும் ஒருநாள் மாலை உட்கார்ந்து சொல்லுங்கள்.

இனி ஊருணிக்கு வருவோம். இதில் எனக்குப் பட்டறிவு உண்டு. வங்கிப் பணி முடிந்து மேலூர்ப் பக்கத்தில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்பியபோது நானும் இதே வேலையில்தான் இறங்கினேன். நன்கொடை திரட்டி, எந்திரம் கொண்டுவந்து ஆழப்படுத்தி, படித்துறையும் கட்டினோம். அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஆனால், ஊருணியில் முழங்காலளவு நீர்தான் சேர்ந்தது. தை பிறப்பதற்குள் அதுவும் இறங்கிவிட்டது. நாங்கள் குழியைப் பார்த்தோமே தவிர, குழிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பார்க்கவில்லை. அத்துடன், ஆழம் ஆழம் என்ற ஆசையில் அடியிலிருந்த களிமண் படுகையை எந்திரம் கிழித்துவிட்டது. மேலே படிந்த வண்டலை எடுப்பதோடு நின்றிருக்க வேண்டும். நீரைத் தாங்கி நிற்பது அந்தக் களிமண்தான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. அவர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்து பரப்பி, நனைத்து, மாடுகளை விட்டு மிதிக்கச் செய்து ஓரளவு சரிசெய்தோம்.

இவ்விரண்டையும்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. எங்கள் கூட்டங்கள் எல்லாம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடந்தன. கிழக்குத் தெருவில் வாழும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தோம்; ஒருவரும் வரவில்லை. "எல்லோரையும்தானே அழைத்தோம்" என்று ஓராண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னர் ஒருநாள் அந்தத் தெருப் பெரியவர் ஒருவர், "மண்டபத்துப் படியில நாங்க என்னைக்குய்யா ஏறுனோம்?" என்று என்னிடமே கேட்டார். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்த வரலாற்றை மேடைகளில் எத்தனையோ முறை பேசியவன் நான். எங்கள் ஊர் மண்டபத்துப் படி என் கண்ணில் படவே இல்லை. அந்தப் பெரியவர் முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை.

கூட்டத்தைத் தொடக்கப் பள்ளி வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். நன்கொடை தந்தவர்களில் இருவர் அதை எதிர்த்து விலகினார்கள். விலகட்டும் என்று விட்டுவிட்டோம். வேப்பமரத்தடியில் நடந்த இரண்டாவது கூட்டத்துக்குக் கிழக்குத் தெருவிலிருந்து வந்த ஒரு பாட்டி, சிறுமியாக ஆடு மேய்த்த காலத்தில் தாம் தாண்டிக் குதித்த வரத்துக்கால் எங்கே ஓடியது என்று மறுநாள் காலையில் எங்களை நடத்தியே கூட்டிச்சென்று காட்டினார். சீமைக்கருவேலம் மண்டி, பாதி தூரம் வயலோடு சேர்த்து உழப்பட்டிருந்தது. புல வரைபடத்தில் பார்த்தால் அந்த ஓடை கோடு மாறாமல் அப்படியே இருந்தது. இன்று ஊருணியில் சித்திரை வரை நீர் நிற்கிறது. படித்துறையில் எல்லாத் தெருவினரும் இறங்குகிறார்கள். ஆனால், திருவிழா நாட்களில் கிழக்குத் தெருவினர் இன்னமும் ஒதுங்கியே நிற்பதைப் பார்க்கிறேன். எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆகவே, எந்திரத்துக்குச் சொல்லும் முன்பு மூன்று மாதம் நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம், ஊர் நிலங்களின் விவரம் அடங்கிய அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டு, வரத்துக்கால் எந்தப் புல எண்களின் வழியே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊருணிகளும் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய்களும் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியப் பொறுப்பில் இருக்கும். அதற்கு மேற்பட்ட கண்மாய்கள் நீர்வளத்துறையைச் சேர்ந்தவை. யாரிடம் அனுமதி கேட்பது என்பது இதிலிருந்து தெரிந்துவிடும். குடியரசு நாள், மார்ச் 22, மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கம். அதில் தீர்மானம் நிறைவேற்றிய பிறகு கையில் எடுக்கும் வேலை ஊரின் வேலையாகிறது. அதற்கு முன்னால் அது வாத்தியார் வேலைதான். வண்டலை வேண்டுவோர் வயலுக்கு எடுத்துக்கொள்ள வட்டாட்சியரிடம் அனுமதி கேட்கலாம். செலவு பெருமளவு குறையும்.

படிப்பகத்தைப் பொறுத்தவரை, தனியாகத் தொடங்கும் முன்பு அருகில் ஊர்ப்புற நூலகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் வாசகர் வட்டத்தில் சேர்ந்து அதை உயிர்ப்பியுங்கள்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லாண்டுகள் வகுப்பின் முன்னால் நின்று பேசிப் பழகியவர்களுக்கு ஊர்க்கூட்டத்திலும் அதே இடத்தில் நிற்கத் தோன்றும். மதுரைக்கு அருகேயுள்ள சிற்றூரைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளியாக இருந்து, களஞ்சியம் மகளிர் குழுக்களின் தலைவராக வளர்ந்தார். பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதும், 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். அத்தகைய பெண் ஒருவர் உங்கள் ஊரிலும் கட்டாயம் இருக்கிறார். அவர் எழுந்து பேசும் வரை நீங்கள் பேசாமல் காத்திருக்க வேண்டும். ஆசிரியருக்கு இதைவிடக் கடினமான பயிற்சி வேறில்லை.

எழுத்தறிவு வந்தும் மற்றவை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் இப்போது அறுபதையொட்டிய வயதில் இருப்பார்கள். அவர்களில் சிலர் இன்று குழுக்கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம். பேத்தியைக் கல்லூரிக்கு அனுப்பச் சண்டை போட்டவர்களும் இருக்கலாம். ஊருணி வேலையை அவர்கள் வீட்டு வாசல்களிலிருந்து தொடங்குங்கள். 30 ஆண்டுகளுக்கு முன் நீங்கள் செய்தது வீணா என்பதற்கு அவர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலைச் சொல்லும் தகுதி எனக்கும் இல்லை, உங்கள் தோழருக்கும் இல்லை.

கேள்வி: செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நான், செல்லூரில் என் வீட்டு மாடியில், நெசவுத் தொழில் செய்யும் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். 14 பிள்ளைகள் வருகிறார்கள். அறக்கட்டளையாகப் பதிவு செய்தால்தான் உதவி கிடைக்கும், பெரிதாகச் செய்யலாம் என்கிறார்கள். செய்யலாமா?

– 59 வயது வாசகி, மதுரை

பதில்: அவசரப்பட வேண்டாம், அம்மா. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் ஆவணம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இரண்டிலும் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை, வருமான வரி சார்ந்த தாக்கல்கள் என்று வேலை கூடிக்கொண்டே போகும். 14 பிள்ளைகளுக்குச் செலவிட வேண்டிய மாலைப்பொழுதைத் தாள்கள் தின்றுவிடும். வாடகை கொடுக்கும் நிலையோ, சம்பளத்துக்கு ஆள் வைக்கும் நிலையோ வரும்போது பதிவைப் பற்றி யோசியுங்கள். அதுவரை வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் அம்மாக்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் பணியைப் பார்க்கையில் வேறொன்று தோன்றுகிறது. மாதவிலக்கு, இரத்தசோகை, இளம் வயதுத் திருமணம் பற்றி அந்தப் பிள்ளைகளிடமும் தாய்மார்களிடமும் தெளிவாகப் பேசும் தகுதி, கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரும் எத்தனையோ பேருக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. வாரத்தில் ஒருநாளை அதற்கென்று வையுங்கள். பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் அந்தத் தாய்மார்கள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009 பெற்றோருக்குத் தந்த இடம் அது. அதில் உட்கார்ந்து பேச அவர்களைப் பழக்குவது, பெரிதாகச் செய்வதற்கு வேறு வழி தேட வேண்டாத அளவுக்குப் பெரிய வேலை.

கேள்வி: எனக்கு வயது 24. எங்கள் தாத்தா தலைமுறையினர் மரம் நடுகிறார்கள், குளத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஆனால், மேலே எடுக்கப்படும் ஒரு கொள்கை முடிவு ஒரே நாளில் ஒரு மலையையே இல்லாமல் செய்துவிடலாம். அரசியலைப் பேசாத இந்தச் சிறுபணிகளால் என்ன பயன்?

– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அரசியலே வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொள்ளும் சேவையை நானும் ஏற்பதில்லை. ஆனால், உங்கள் கேள்விக்கு விடை உங்கள் மாவட்டத்திலேயே கிடக்கிறது. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் இருக்கும் மலைகளையும் சுனைகளையும் பாறைகளில் கூடு கட்டும் வல்லூறு, கழுகு வகைகளையும் ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் பல ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்துப் பதிவு செய்துவந்தார்கள். அன்று அது வெறும் பறவை பார்க்கும் வேலையாகத்தான் தெரிந்திருக்கும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகளில் ஏறத்தாழ 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இன் இறுதியில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வந்தபோது, ஊர்கள் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரியில் மக்கள் பெருந்திரளாக மதுரைக்கு நடந்து வந்தார்கள். அம்மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

நடந்து வந்தவர்களில் முதியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கே எந்தச் சுனை இருக்கிறது, எந்தக் கண்மாய்க்கு எந்த மலையின் நீர் வருகிறது என்று பெயர் சொல்லத் தெரிந்த ஊர்தான் அப்படித் திரள முடியும். குளத்தைச் சுத்தம் செய்யும் உங்கள் தாத்தா அந்தப் பெயர்களைச் சேமித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை நீங்களும் ஒரு நோட்டோடு அவர் பின்னால் போங்கள். அவருக்குக் கிராம சபையில் தீர்மானம் எழுதத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. மூன்று ஆண்டுகளாகக் கண்மாய்க் கரையில் மரக்கன்று நட்டு வருகிறேன். ஆடு தின்றதும் கோடையில் கருகியதும் போகப் பத்தில் ஒன்று தேறினால் பெரிது. நான் நட்டதன் பலனைப் பார்ப்பேனா என்ற எண்ணம் இரவில் வருகிறது.

– வாசகர், சோழவந்தான்

பதில்: கன்றுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நூறு நட்டு ஒன்பதைத் தேடுவதைவிட, பன்னிரண்டு நட்டு, முள்வேலி கட்டி, இரண்டு கோடைக்கு நீர் ஊற்றுவது மேல். ஆடு மேய்ப்பவரைக் குற்றம் சொல்லாமல், அவர் மேய்ச்சல் தடம் எது என்று கேட்டு அதை விட்டு நடுங்கள். முடிந்தால் அவர் கையாலேயே ஒன்றை நடச் சொல்லுங்கள்.

கரைக்குப் பனை நல்லது. முளைத்து வேர்விட்டுவிட்டால் நீர் ஊற்ற வேண்டியதில்லை. கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள். நீங்கள் கேட்டது அதைத்தான். நம் கண்மாய்க் கரைகளில் இன்று நிற்கும் பனைகளை நட்டவர்களும் அவற்றின் நுங்கைத் தின்றிருக்க மாட்டார்கள். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது, ஆனால் அந்த நிழலில்தான் நாம் ஆடினோம். இரவில் வரும் அந்த எண்ணம் எனக்கும் வருவதுண்டு. அப்போதெல்லாம், வேலையை யாரிடம் கொடுப்பது என்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவேன்; அது தூக்கத்தைக் கெடுத்தாலும் பயனுள்ள யோசனை. ஆவணியில் பழம் விழும்போது பள்ளிப் பிள்ளைகளோடு விதை பொறுக்குங்கள். புரட்டாசி மழைக்கு முன் குழியெடுத்து, ஒன்றுக்கொன்று எட்டு, பத்து அடி இடைவெளி விட்டு ஊன்றுங்கள். எந்தக் குழியை எந்தப் பிள்ளை ஊன்றியது என்று எழுதிவைத்து, அந்த நோட்டை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பள்ளியிலேயே கொடுத்துவிடுங்கள்.